பின்கோடு போடும் எல்லை

குமுளியிலிருந்து கம்பம் 20 கிலோமீட்டர் சொச்சம். கோட்டயமோ 100 கிலோமீட்டருக்கும் மேல். மறையூர்க்காரர் மலையிறங்கினால் உடுமலைப்பேட்டை. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தாருக்குப் பொள்ளாச்சிச் சந்தை கைக்கெட்டும் தூரம். கல்யாணத் துணி, பாத்திரம், வைத்தியம் என்று எதற்கும் தமிழ்நாட்டுப் பக்கம் போய்வருவது இந்த ஊர்களின் பழைய வழக்கம். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்ட பிறகும் அது நிற்கவில்லை. ஆனால் அதே மனிதர் கைபேசியில் ஒரு பொருளை ஆர்டர் செய்ய உட்கார்ந்தால் இந்தப் பழக்கவழக்கம் எதுவும் கணக்கில் வராது. திரை கேட்பது ஆறு இலக்கம். 685 என்று தொடங்கினால் இடுக்கி மலை, 678 என்றால் சித்தூர் தாலுகா உள்ளிட்ட பாலக்காட்டுப் பகுதி, 625 என்றால் மதுரை, தேனி, 642 என்றால் பொள்ளாச்சி, உடுமலை. பொருள் கிடைக்குமா, எத்தனை நாளில் வரும், வாசலில் பணம் கொடுத்து வாங்கலாமா, பழுதென்றால் வந்து எடுத்துப் போவார்களா என்பதையெல்லாம் அந்த எண்தான் தீர்மானிக்கிறது.

எல்லையோரத்தில் குடியிருப்பதற்காக ஒருவரை இணையக் கடை குறைவாக நடத்தலாமா என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி. ஐரோப்பாவில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் பாகுபாட்டைத் தடுக்கும் விதி ஒன்று இருக்கிறது. இருப்பிடத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் குறையை நிரப்பியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்கள் பாலக்காடு, இடுக்கி எல்லைகளில் வேறெந்த இடத்தையும்விடத் தெளிவாகத் தெரிகின்றன.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அஞ்சல்துறை அதிகாரி வகுத்தது அது. ஒரே பெயரில் பல ஊர்கள், ஊருக்கொரு எழுத்து என்றிருந்த நாட்டில் கடிதங்களைப் பிரிக்கத் திணறிய ஊழியர்களுக்கு உதவுவதே அதன் நோக்கம். யாருக்குக் கடிதம் கொடுக்கக் கூடாது என்று சொல்வதற்காக அது பிறக்கவில்லை. தபால்காரர் ஏறாத எஸ்டேட் இல்லை, பொருள் கைக்கு வரும்போது பணம் கட்டும் வி.பி.பி. முறையில் புத்தகமும் கைக்கடிகாரமும் வரவழைத்தவர்கள் தேயிலைத் தோட்ட லயங்களிலும் இருந்தார்கள். எல்லாருக்கும் சேர்ப்பது என்ற கடமைக்காக உண்டான எண்ணைத் தனியார் தளங்கள் வாடிக்கையாளரை வடிகட்டும் அளவுகோலாக மாற்றிவிட்டன. இந்த மாற்றம் எந்தச் சட்டமன்றத்திலும் விவாதிக்கப்படவில்லை என்பதை மறக்கக் கூடாது.

இணையக் கடைக்கு முன்பு எல்லை என்றாலே சோதனைச்சாவடி. வாளையார், கோவிந்தாபுரம், வேலந்தாவளம், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று லாரிகள் வரிசைகட்டி நின்ற காலம் அது. இணைய வணிகம் வந்தபோது மாநிலங்கள் அதையும் அந்த வரிசையில் நிறுத்தப் பார்த்தன. 2014-ல் கேரள வணிகவரித் துறை, பிளிப்கார்ட் தளத்தின் பெரும் விற்பனையாளராக இருந்த நிறுவனம், ஜபாங் இணையக் கடை உள்ளிட்டவற்றின் மீது மொத்தம் 50 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. இவை மாநிலங்களுக்கிடையிலான விற்பனைகள், இவற்றின்மீது கேரளம் வரி கேட்க முடியாது என்று 2015-ல் கேரள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்து செய்தது. உத்தரப் பிரதேசத்தில் நுகர்வோரே அனுமதிப் படிவம் வாங்கித் தர வேண்டியிருந்ததால், 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பொருள்களை அங்கே அனுப்புவதையே சில பெரிய தளங்கள் அந்நாளில் நிறுத்தி வைத்தன. அரசியலமைப்பின் 301-ஆம் பிரிவு நாடெங்கும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. 304-ஆம் பிரிவு வெளிமாநிலப் பொருளை வரியில் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. 2016 நவம்பரில் ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நுழைவு வரி செல்லும், ஆனால் பாகுபாடு இருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் வரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஆனாலும் வரி உலகத்தில் எல்லை முழுதாக அழிந்துவிடவில்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை பேரிடர் மேல்வரி விதித்தது. 12, 18, 28 சதவீத வரி அடுக்குகளில் இருந்த பொருள்களுக்கு 1 சதவீதம். அது மாநிலத்துக்குள் நடக்கும் சில்லறை விற்பனைக்கு மட்டுமே. சித்தூர் தாலுகாக்காரர் தம் ஊர்க் கடையில் மிக்ஸி வாங்கினால் மேல்வரி உண்டு. கோயம்புத்தூர் விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால் கிடையாது. வெள்ளத்தில் இடிந்ததைக் கட்டுவதற்கான அந்த வரியின் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதன் சுமை எல்லையோரச் சிறு கடைக்காரர் மேல் எவ்வளவு சாய்ந்தது என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் போதிய கவனம் பெறவில்லை.

இதைவிடப் பெரிய தடை விற்பவர் பக்கம் இருக்கிறது, அது இன்றும் நடப்பில் உள்ளது. ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத அளவுக்குச் சிறிய வியாபாரிகள் முன்பு இணையத் தளங்களில் விற்கவே முடியாதிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அந்தக் கதவு திறந்தது, ஆனால் பாதிதான். பதிவில்லாத சிறு விற்பனையாளர் தளம் வழியாகத் தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம். வெளிமாநிலத்துக்கு அனுப்பக் கூடாது. தொகுப்பு வரித் (காம்போசிஷன்) திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். விளைவைப் பாருங்கள். பொள்ளாச்சியில் வீட்டிலிருந்தபடி இட்லிப்பொடியும் வடகமும் செய்து விற்கும் பெண், தளம் வழியாக 500 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருப்பவருக்கு அனுப்பலாம். பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு அனுப்பக் கூடாது. மறையூர் வெல்லம் காய்ச்சும் சிறு விவசாயக் குடும்பத்துக்கும் இதே நிலைதான்: தளத்தில் திருவனந்தபுரத்துக்கு விற்கலாம், கண்ணுக்கு முன் இருக்கும் உடுமலைக்கு விற்க முடியாது. பெரிய நிறுவனங்களுக்கு இந்தத் தடை பொருட்டே இல்லை. அவற்றுக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. ஆக எல்லையூர் வாடிக்கையாளருக்கு எட்டுவது பெரிய விற்பனையாளரின் சரக்கு; எட்டாமல் போவது பக்கத்து ஊர்ச் சிறியவரின் சரக்கு. 2022 ஏப்ரலில் ஓ.என்.டி.சி. என்ற திறந்த வணிக வலையமைப்பு முதன்முதலில் சோதிக்கப்பட்ட ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. அதன் கொள்கை சிறியவர்களைக் கைதூக்கிவிடுவது. வரி விதி மாறாவிட்டால் அந்தக் கையும் வாளையாரோடு நின்றுவிடும்.

இனி ஐரோப்பா. பொதுச் சந்தை, பொது நாணயம் என்று பல ஆண்டுகள் பேசிய பிறகும் அங்கே நிலைமை மோசமாகத்தான் இருந்தது. 2015-ல் ஐரோப்பிய ஆணையம் ஆள்களை வாடிக்கையாளர் போல அனுப்பிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணையக் கடைகளைச் சோதித்தது. வேறு நாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளரை வாங்கி முடிக்கவிட்டவை 37 சதவீதம் மட்டுமே. மற்றவை ஏதோ ஒரு கட்டத்தில் தடுத்தன: பதிவு செய்யவிடாமல், முகவரியை ஏற்காமல், வங்கி அட்டையை மறுத்து. 2018 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த 2018/302 என்ற ஒழுங்குவிதி இதற்கு முடிவுகட்ட முயன்றது. குடியுரிமை, வசிப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி இணையப் பக்கத்தை மறைக்கக் கூடாது. கேட்காமல் வேறு நாட்டுப் பக்கத்துக்குத் திருப்பிவிடக் கூடாது. வெளிநாட்டு அட்டை என்பதற்காகப் பணத்தை மறுக்கக் கூடாது. ஆனால் எல்லா இடத்துக்கும் டெலிவரி செய்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. விற்பவர் எங்கெல்லாம் பொருளைக் கொடுக்கிறாரோ, அங்கே வந்து பெற்றுக்கொள்ளும் உரிமை வெளியூர்க்காரருக்கும் உண்டு என்றது. உள்ளூர்க்காரர் என்ன விலைக்கு, என்ன நிபந்தனையில் வாங்குகிறாரோ அதே விலை, அதே நிபந்தனை. திரைப்படம், தொடர் போன்றவை விதிக்கு வெளியே வைக்கப்பட்டன. அது பெரிய ஓட்டை என்று அங்கேயே குறை சொல்கிறார்கள்.

ஐரோப்பாவின் சட்டங்களுக்குப் பல்லும் இருந்தது. எல்லை தாண்டிய விற்பனையைத் தன் விநியோகஸ்தர்களிடம் தடுத்ததற்காக கெஸ் என்ற ஆடை நிறுவனத்துக்குப் போட்டிச் சட்டத்தின்கீழ் 2018 டிசம்பரில் ஏறக்குறைய 4 கோடி யூரோ அபராதம் விழுந்தது. விளையாட்டு மென்பொருள்களை நாடுவாரியாகப் பூட்டியதற்காக வால்வ் நிறுவனமும் ஐந்து பதிப்பாளர்களும் 2021-ல் 78 லட்சம் யூரோ கட்ட நேர்ந்தது. ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்தின் கதை நம் எல்லை ஊர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஜெர்மன் எல்லை ஊர்களில் முகவரி வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. சுவிஸ்காரர்கள் பொருளை அங்கே வரவழைத்து எடுத்துச் செல்வார்கள். கம்பத்திலோ போடியிலோ இருக்கும் சொந்தக்காரர் முகவரிக்குப் பொருளை வரவழைத்து, அடுத்த முறை கீழே போகும்போது எடுத்து வரும் எஸ்டேட்காரர் செய்வதும் இதுதான். சுவிட்சர்லாந்து 2022 ஜனவரி 1 முதல், போதிய காரணம் இல்லாமல் இருப்பிடத்தை வைத்து விலையிலும் பணம் செலுத்தும் முறையிலும் பாகுபடுத்துவதை நியாயமற்ற போட்டி என்று சட்டத்தில் எழுதிக்கொண்டது.

இடம் பார்த்து நடத்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு சான்றுகள். 2012 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், ஸ்டேபிள்ஸ் என்ற எழுதுபொருள் நிறுவனத்தின் இணையக் கடை வாடிக்கையாளர் இருக்கும் இடத்தைக் கணித்து விலையை மாற்றிக் காட்டியதை வெளிக்கொணர்ந்தது. போட்டிக் கடை பக்கத்தில் இருந்தால் விலை குறைவு, இல்லாவிட்டால் அதிகம். வேறு கடைக்குப் போக வழியில்லாதவரிடம் கூடுதலாக வாங்குவது என்பதே அதன் பொருள். 2016-ல் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் செய்த ஆய்வில், அமேசானின் அன்றைய தினமே டெலிவரி சேவை பாஸ்டன் நகரம் முழுவதும் இருக்க, நடுவில் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் ராக்ஸ்பரிக்கு மட்டும் இல்லாதது தெரியவந்தது. சுற்றியுள்ள அத்தனை பகுதிகளுக்கும் வண்டி போகிறது, அங்கே மட்டும் போகவில்லை. இனத்தைப் பார்க்கவில்லை, தொலைவையும் வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் மட்டுமே பார்த்தோம் என்றது நிறுவனம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எண்களை மட்டும் பார்க்கும் கணக்கு ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களை மீண்டும் ஒதுக்கிவிடும் என்பதும் உண்மை. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தோட்டத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தமிழர், அவர்களில் தலித் மக்கள் ஏராளம், கூலி குறைவு, லயங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கணினி நிரலுக்கு இவை அனைத்தும் ஒரே விடையைத்தான் தரும்: லாபமில்லாத பின்கோடு.

இந்தியச் சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நுகர்வோருக்கு உள்ள உரிமைகளை அதன் 2(9) பிரிவில் வரிசைப்படுத்துகிறது. இயன்ற இடங்களிலெல்லாம் பலவகைப் பொருள்கள் போட்டி விலையில் கிடைப்பதற்கான உறுதி அவற்றில் ஒன்று. 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளில் 4(11) என்ற விதி இருக்கிறது. அதன் முதல் கூறு நியாயமற்ற லாபத்துக்காக விலையைத் திரிப்பதைத் தடுக்கிறது. இரண்டாம் கூறு, ஒரே வகையைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாகுபாடு காட்டக் கூடாது, அவர்களின் உரிமையைப் பாதிக்கும் விதத்தில் மனம்போன போக்கில் வகைப்படுத்தக் கூடாது என்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியருக்குத் தொடர்ந்து விற்கும் தளங்களையும் இந்த விதிகள் கட்டுப்படுத்தும்.

நல்ல விதி. ஆனால் "ஒரே வகை" என்றால் என்ன? குமுளியில் இருப்பவரும் கம்பத்தில் இருப்பவரும் ஒரே வகையா? அஞ்சல் எண் வேறு என்பதாலேயே வேறு வகையாகிவிடுவார்களா? விதி பதில் சொல்லவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜனவரியில், கைபேசி வகையைப் பார்த்துக் கட்டணத்தை மாற்றுவதாக எழுந்த புகாரில் ஓலா, ஊபர் நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது, நிறுவனங்கள் மறுத்தன. கையில் இருக்கும் போனைப் பார்த்து வகை பிரிக்கலாமா என்று கேட்ட ஆணையம், குடியிருக்கும் ஊரைப் பார்த்து வகை பிரிக்கலாமா என்றும் கேட்க வேண்டும். ஒரே பொட்டலத்துக்கு இரண்டு அதிகபட்ச விலை அச்சிடும் தந்திரம் 2018 ஜனவரி முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அச்சிட்ட விலைக்குக் கீழே தள்ளுபடி என்ற பெயரில் ஊருக்கு ஒரு விலை காட்டினால் அந்தத் தடை தொடாது.

எல்லா வேறுபாடும் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. வட்டவடைக்கோ அட்டப்பாடியின் உள்ளூர்களுக்கோ ஒரு பெட்டியைக் கொண்டு சேர்க்கக் கூடுதல் செலவாகும். அதை வெளிப்படையாகச் சொல்லி நியாயமான கட்டணம் கேட்டால் தவறில்லை. மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டால் தாமதமாகும். மருந்து, மது, பட்டாசு போன்றவற்றுக்கு மாநில விதிகள் உண்டு. ஏற்க முடியாதவை வேறு. கட்டண வேறுபாட்டுக்குக் காரணம் சொல்லாமல் மறைப்பது ஒன்று. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைச் சேர்த்துவிட்டு, பழுதென்றால் "உங்கள் பின்கோடுக்கு ரிட்டர்ன் வசதி இல்லை" என்று கைவிரிப்பது இன்னொன்று. கொண்டுவர முடிந்த வண்டியால் கொண்டுபோக முடியாதா? பழுதான பொருளைத் திரும்பப் பெற்று, ரசீதில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் தராமல் மறுப்பது நியாயமற்ற வணிகமுறை என்று 2019 சட்டமே வரையறுக்கிறது. பின்கோடு அதற்கு விலக்கு அல்ல. வாடிக்கையாளரே பக்கத்து மாநில மையத்தில் வந்து பெற்றுக்கொள்கிறேன் என்றாலும் மறுப்பது மூன்றாவது.

அந்த மூன்றாவதற்கு வரிச்சட்டம் தடை என்று சொல்லவும் முடியாது. பதிவில்லாத வாடிக்கையாளரின் பில் முகவரியும் டெலிவரி முகவரியும் வெவ்வேறு மாநிலங்களில் இருந்தால், டெலிவரி முகவரியையே வழங்கல் இடமாகக் கொள்ள வேண்டும் என்று 2024 ஜூனில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டது. அதாவது தமிழ்நாட்டு விற்பனையாளரிடம் வாங்கியதைக் குமுளிக்காரர் கம்பத்தில் பெற்றுக்கொண்டால் அது தமிழ்நாட்டுக்குள் நடந்த விற்பனை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பொதுப் பெறுமிடம் இருந்தால் போதும், தேனி மாவட்டத்துச் சிறு வியாபாரியின் சரக்கும் இடுக்கிக்காரர் கைக்குச் சட்டப்படியே வந்துசேரும். இதற்கு அஞ்சலகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

குறைதீர்ப்பைப் பொறுத்தவரை நிலைமை முன்பைவிட எவ்வளவோ மேல். 1986 சட்டத்தின்படி, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தில் அல்லது பிரச்சினை எழுந்த இடத்தில்தான் வழக்குப் போட முடிந்தது. இப்போது 34-ஆம் பிரிவின்படி நுகர்வோர் தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பெங்களூரு நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று தளத்தின் நிபந்தனையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நடுவர் தீர்ப்புக்குப் போக ஒப்பந்தம் இருந்தாலும் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடாது என்று 2018 டிசம்பரில் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். காணொலி வழி விசாரணை கேட்கலாம். மறையூரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு மலைப்பாதையில் ஒரு நாள் கூலியைத் தொலைத்துப் போக வேண்டியிருந்தவர்களுக்கு இது சாதாரண மாற்றம் அல்ல.

மொழிதான் மிச்சமிருக்கும் சாவடி. தளத்தின் செயலி ஒருவேளை தமிழில் பேசும். ஆனால் கேரள முகவரியுள்ளவர் அழைத்தால் மலையாளமோ ஆங்கிலமோ, அலுவலகத்துக்குப் போனாலும் அதுவே. கொழுந்து பறிக்கும் ஒரு தாய், மூன்று தலைமுறையாகக் கேரளத்தில் இருந்தும் தமிழில் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஏமாற்றப்பட்ட 1,200 ரூபாய்க்காக யாரிடம் மனு எழுதச் சொல்லிக் கெஞ்சுவார்? அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் கொடுக்கலாம் என்கிறது. 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. இந்த உரிமை நுகர்வோர் ஆணையத்தின் வாசல் வரைக்கும், தளங்களின் குறைதீர் அலுவலர் வரைக்கும் நீள வேண்டும்.

முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. கைபேசியிலும் இதே எல்லை இருந்தது. எல்லை ஊரில் கோபுரம் மாறினால் ரோமிங் கட்டணம் ஏறிய காலம் பலருக்கு நினைவிருக்கும். 2017 வாக்கில் இந்தியாவில் அது ஒழிந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் ஒழிந்தது. நிறுவனங்கள் அதனால் அழிந்துபோய்விடவில்லை.

மத்திய அரசு விதி 4(11)-இல் வசிப்பிடம், அஞ்சல் எண் ஆகியவற்றைத் தடைசெய்யப்பட்ட காரணங்களாகச் சேர்க்க வேண்டும். சேவை மறுக்கும் தளம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஜிஎஸ்டி மன்றம் பதிவில்லாத சிறு வியாபாரிகளுக்கு எல்லையோர மாவட்டங்களுக்காவது விலக்கு அளிக்க வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து கேட்டால் அது நடக்கும். அதுவரை எல்லையூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மறுக்கப்பட்ட திரையைப் படமெடுத்து வையுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தருவது அவர் கடமை. தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே புகார் சொல்லுங்கள். தமிழ் அங்கே ஏற்கப்படும் மொழிகளில் ஒன்று. மாவட்ட ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் மனுவில் விதி 4(11)-ஐயும் 350-ஆம் பிரிவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.